‘ஃபேக்டரி ஓவர்கிளாக்’: எந்த ஃபேக்டரி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கம்ப்யூட்டர் பக்கத்தில், ஓவர்கிளாக் செய்தே, அதாவது சிப்பை அதற்குச் சொன்ன வேகத்தைவிடக் கூடுதலாக ஓட வைத்தே, அசெம்பிள் பண்ணித் தரும் மெஷின்களைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊர் வெயிலைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டு மாடியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். மார்கழியில், தை முகூர்த்தங்கள் வருவதற்குள் கைக்கு வரட்டும் என்று சென்னையில் ஒரு கடையில் சொல்லி மெஷின் வாங்கினேன். அதன் மூளையான சிப், இன்டெல் கோர் ஐ5 14600கே. கொட்டேஷனில் ‘ஃபேக்டரி ஓவர்கிளாக் 5.6 கிகாஹெர்ட்ஸ்’ என்று ஒரு வரி, அதற்குத் தனியாக 4,500 ரூபாய். ஃபேக்டரி என்றதும் இன்டெல்லே அப்படிச் செய்து அனுப்புகிறது என்று எடுத்துக்கொண்டேன். இல்லை. இந்தச் சிப்புக்கு இன்டெல் சொல்லும் உச்ச வேகம் 5.3 தான், மீதியைக் கடைக்காரர் தன் மேஜையில் உட்கார்ந்து பயாஸில் (மெஷினை ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) ஏற்றுகிறார்.

பங்குனி வரை ஒரு குறையும் இல்லை. கத்திரி தொடங்கியதும் ஒரு நாள் ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) பாதியில் நின்று, மெஷின் முடங்கினால் வரும் நீலத்திரை. மறுபடி போட்டேன், மறுபடியும் அதே. சைடு பேனலைக் கழற்றிக் குனிந்தால் அடுப்பை ஊதும்போது அடிக்குமே, அப்படி ஒரு அனல் முகத்தில். திரையில் சிப்பின் சூடு 100 டிகிரி, சிவப்பு எழுத்தில்.

கடைக்குப் போன் செய்தேன். “இங்கே டெஸ்ட் பண்ணும்போது 86 தாண்டலையேண்ணா” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை, அனுப்பிய போட்டோவிலும் 86 தான். ஆனால் அவர் டெஸ்ட் செய்தது 24 டிகிரி ஏசி ரூமில், என் மாடி அறையில் மதியம் மூன்று மணிக்கு 38. ஃபேன் வைத்த கூலர் அறைக் காற்றைக் கொண்டுதான் சிப்பை ஆற்றுகிறது, அறை 14 டிகிரி ஏறினால் சிப்பும் கிட்டத்தட்ட அதே 14 ஏறும். 86ஐயும் 14ஐயும் கூட்டிப் பாருங்கள். குடியாத்தம், ஆம்பூர், ராணிப்பேட்டை என்று எங்கே கொண்டுபோய் வைத்தாலும் மே மாதத்தில் இதே கணக்குதான்.

இன்னொன்று. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறைச் சிப்புகள் சில, தேவைக்கு மேல் வோல்டேஜ் வாங்கிக் கெட்டுப்போகின்றன என்று 2024இல் பெரிய பிரச்சினை ஆனது. ஆகஸ்டில் பயாஸ் அப்டேட் வழியாகத் திருத்தம் கொடுத்தார்கள், வாரண்டியையும் இரண்டு வருஷம் நீட்டினார்கள். என் மெஷினில் பழைய பயாஸ் அப்படியே இருந்தது. சரி என்று அப்டேட் போட்டால் கடைக்காரர் வைத்த செட்டிங்ஸ் எல்லாம் அழிந்து 5.3க்கே வந்துவிட்டது. அதாவது சிப்பைக் காப்பாற்றப் போட்ட அப்டேட், காசு கொடுத்து வாங்கிய வேகத்தை எடுத்துவிட்டது. வேகத்தையோ வோல்டேஜையோ கூட்டினால் வாரண்டி போகலாம் என்று இன்டெல்லே சொல்கிறது. அப்புறம் சிப் போனால் யார் பொறுப்பு? கடையில் “நாங்க பார்த்துக்கிறோம்” என்கிறார்கள், பில்லில் ஒரு எழுத்து இல்லை.

வாங்கப் போகிறவர்கள், எத்தனை வோல்டேஜில் வைத்தார்கள், எத்தனை டிகிரி அறையில் டெஸ்ட் செய்தார்கள், சிப்புக்கு வாரண்டி யார் தருவது, இதையெல்லாம் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். விற்கிறவர்களும் ‘ஃபேக்டரி’ என்று போடாமல் ‘கடையில் செய்தது’ என்றே போடட்டும்.

இப்போது 5.3இல் ஓடுகிறது. முன்பு ஒரு மணி நேரம் எடுத்த ரெண்டருக்கு மூன்று நிமிஷம்தான் கூட ஆகிறது, நிற்காமல் முடிகிறது. 4,500 ரூபாயைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்