எஞ்சினை விடு, கிளட்சைப் பார்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. பேத்தி பிறந்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பெயர் வைத்ததும் எழுது. நான் நலம்தான், முழங்கால் வலிதான் விட்டபாடில்லை.

சரி, டிராக்டர் விஷயம். அப்பா ஓட்டிய மாஸி பெர்குசன் 35-ஐப் பிரித்துச் சரிசெய்வதா, புதிதாக ஒரு சின்ன டிராக்டர் வாங்குவதா என்று கேட்டிருந்தாய். உன் கவலை முழுக்க எஞ்சினைப் பற்றியே இருக்கிறது. அந்த மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சின்தான் அந்த வண்டியிலேயே கவலைப்பட வேண்டாத பாகம். இரண்டரை லிட்டர், எளிமையான அமைப்பு. தேய்ந்தால் லைனரும் பிஸ்டனும் மாற்றிவிடலாம். 1964-இல் வந்த 135-லும் இதே குடும்பத்து எஞ்சின்தான் என்பதால் பாகங்களுக்கும் பஞ்சமில்லை.

நீ பார்க்க வேண்டியது கிளட்ச். 35-இல் ஒற்றை கிளட்ச் உள்ளதும் உண்டு, இரட்டை கிளட்ச் உள்ளதும் உண்டு. பிடிஓவை, அதாவது பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் தண்டை, ஓடவிட்டு, பெடலைப் பாதி மிதித்துப் பார். வண்டி நின்று பிடிஓ சுற்றிக்கொண்டே இருந்தால் இரட்டை. இரண்டும் சேர்ந்து நின்றால் ஒற்றை. ஒற்றையாக இருந்தால் புல் வெட்டும்போதுதான் வம்பு: கிளட்சை மிதித்த பிறகும், சுற்றுகிற பிளேடின் வேகம் பிடிஓ வழியாகவே வண்டியை முன்னால் தள்ளும். வேலி ஓரத்தில் இதை அனுபவித்தவன் சொல்கிறேன். பிடிஓ தண்டில் ஒரு பக்கமாக மட்டும் விசையைக் கடத்தும் ஓவர்ரன்னிங் கப்ளிங் மாட்டினால் இந்தத் தள்ளல் நிற்கும், ஆனால் ஒற்றை கிளட்ச் ஒற்றை கிளட்ச்தான்.

அப்புறம் கியர் பாக்ஸ் எண்ணெய். இந்த வண்டியில் கருவிகளைத் தூக்கும் ஹைட்ராலிக்குக்கும் அதே எண்ணெய்தான், பம்பும் உள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. மழையில் நின்ற வண்டி என்றால் கியர் லீவரின் ரப்பர் உறை வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கும். எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தால், எஞ்சின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும் செலவு அங்கேதான் காத்திருக்கிறது.

புதிய வண்டிகளையும் ஓட்டிப் பார்த்தேன். பவர் ஸ்டீயரிங், நாலு சக்கர டிரைவ், கிளட்சே மிதிக்காமல் ஓட்டும் ஹைட்ரோஸ்டாட்டிக். என் முழங்கால் உடனே கையெழுத்துப் போடச் சொன்னது! மரங்களுக்கு நடுவே திருப்புவதற்கும் லோடரை வைத்து முன்னும் பின்னும் ஓட்டுவதற்கும் பழசு கிட்டவே வர முடியாது. கலப்பை இழுப்பதில் மட்டும் எடை பேசும், அங்கே 35 தோற்காது. ஒன்று கவனி: அமெரிக்க, ஐரோப்பிய புகை விதிகள் 19 கிலோவாட்டுக்கு, அதாவது சுமார் 25 குதிரைத்திறனுக்கு மேல் கடுமையாகின்றன. அதனால் அங்கே விற்கும் பெரிய மாடல்கள் பலவற்றில் புகைக்கரி ஃபில்டர் இருக்கும். உன்னைப் போல அரை மணி நேரம் மெதுவாக ஓட்டி நிறுத்துகிறவனுக்கு அது அடிக்கடி அடைத்துக்கொள்ளும். உனக்கு அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ளதே போதும்.

என் கருத்து இதுதான். இரட்டை கிளட்சும் சுத்தமான எண்ணெயும் இருந்தால் 35-ஐச் சரிசெய்து அதிலேயே வேலை பார். இல்லையென்றால் வேலைக்குச் சின்னதை வாங்கு. அப்பாவின் வண்டியை அவசரமில்லாமல், உன் ஆசைக்காக, ஒவ்வொரு பாகமாகக் கழற்று. எதைச் செய்தாலும் 35-இல் கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்புச் சட்டகமும் சீட் பெல்ட்டும் பொருத்தாமல் சரிவில் இறக்காதே. அந்தக் காலத்து வண்டிகள் அது இல்லாமல்தான் வந்தன, கவிழ்ந்தால் ஓட்டுகிறவனுக்கு ஒதுங்க இடமில்லை. பெயின்ட் அடிப்பதெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

கிளட்சை மிதித்துப் பார்த்துவிட்டு, எண்ணெய் என்ன நிறம் என்றும் எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி