மூட்டு மாற்று சிகிச்சை: வீட்டுக்கு வந்த பிறகுதான் பாதி வைத்தியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘ஆபரேஷன் முடிந்த அன்றே நடக்கலாம்’ என்று முழங்கால் மூட்டு மாற்று சிகிச்சைக்கு நாளிதழ்களில் விளம்பரங்கள் வருகின்றன. அது பொய்யில்லை. முதுகில் போட்ட மயக்க ஊசி தெளிந்ததும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலடி வைக்க முடியும், வைக்கவும் வேண்டும். அந்த நாலடிக்குப் பிறகு வரும் மூன்று மாதத்தைப் பற்றி விளம்பரமும் சொல்வதில்லை, பல இடங்களில் டிஸ்சார்ஜ் தாளும் சொல்வதில்லை. ‘வலி விடவே இல்லையே, ஆபரேஷன் சரியில்லையோ’ என்று வீட்டுக்குள்ளேயே குமைகிறவர்களுக்காகவும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில், ஏன் இவ்வளவு வலி? முழங்காலின் முன்பக்கம் தோலைத் திறந்து, சில்லை ஒட்டிய தொடைத் தசைநாரைப் பிரித்து, தொடை எலும்பின் கீழ்நுனியையும் கெண்டைக்கால் எலும்பின் மேல்நுனியையும் சுமார் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டியெடுத்த பிறகே உலோக மூட்டைப் பொருத்துகிறார்கள். ரோபோ வைத்துச் செய்தாலும் எலும்பை வெட்டித்தான் ஆகவேண்டும். ஆபரேஷன் நேரத்தில் மூட்டைச் சுற்றிப் போடும் மரப்பு ஊசியின் வேகம் ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். அதனால்தான் முதல் நாள் சிரித்துப் பேசியவர் இரண்டாம், மூன்றாம் நாளில் துடிக்கிறார். குடும்பமே பதறிப்போவது அப்போதுதான். அங்கே எதுவும் கெட்டுப்போகவில்லை, ஊசியின் மறைவில் இருந்த வலி வெளியே வருகிறது, அவ்வளவே. ஐந்தாறு நாள் கழித்துத் தொடையிலிருந்து கணுக்கால் வரை ஊதா நிறமாகக் கன்றிப்போவதும் உள்ளே கசிந்த இரத்தம் கீழே இறங்குவதால்தான். இரண்டு மூன்று வாரத்தில் மஞ்சளாகி மறையும்.

வீட்டுக்கு வந்ததும் நடக்கும் முதல் தவறு மாத்திரையில். ‘அதிகம் மாத்திரை போட்டால் கிட்னி போய்விடும்’ என்று வலி தாங்க முடியாமல் போகும்வரை பொறுத்திருந்து ஒன்றைப் போடுகிறார்கள். உச்சத்துக்குப் போன வலியை ஒரு மாத்திரையால் இறக்க முடியாது. முதல் இரண்டு மூன்று வாரம், டாக்டர் எழுதிய பாராசிட்டமாலை வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மணி பார்த்துப் போடவேண்டும். 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு மணி நேரத்துக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 2,600 மில்லிகிராம். கல்லீரல் நோய் இல்லாத பெரும்பாலானவர்களுக்கு இது பாதுகாப்பான அளவு. உடற்பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்னால் ஒரு வேளை விழும்படி அமைத்துக்கொண்டால் பயிற்சி சுலபமாகும். கிட்னி பயம் நியாயமானது. ஆனால் அந்த பயம் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் வகை வலி மாத்திரைகளிடம்தான் இருக்கவேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம், வயிற்றுப்புண் உள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இவற்றை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடக்கூடாது. இன்னொரு கண்ணி: அசிக்ளோஃபினாக் என்று கடையில் தரும் பல மாத்திரைகளில் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கும். தனியாக ஒன்று, கூட்டாக ஒன்று என்று இரட்டை அளவு உள்ளே போகும். அட்டையின் பின்பக்கத்தைப் படிக்கத் தெரிந்தவர் படித்துப் பார்க்கட்டும். டிரமடால் என்ற கடுமையான வலி மாத்திரை எழுதியிருந்தால் குமட்டலும் தலைசுற்றலும் மலச்சிக்கலும் வரலாம். டாக்டரிடம் மலமிளக்கி சேர்த்தே கேளுங்கள். இரவில் தனியாக எழுந்து பாத்ரூம் போகவிடாதீர்கள்.

இரண்டாவது தவறு அன்பினால் வருவது. முழங்கால் வலிக்கிறதே என்று கீழே தலையணை வைத்துவிடுகிறார்கள். மடங்கிய நிலையில் வலி கொஞ்சம் குறையும், உண்மைதான். இரவெல்லாம் அப்படியே கிடந்தால் மூட்டின் பின்பக்கத் தசைநார்கள் அந்த நீளத்துக்கே இறுகிப்போகும், கால் பிறகு முழுதாக நீளாது. பத்து டிகிரி மடங்கியே நின்றுபோன முழங்காலோடு நடப்பவருக்குத் தொடைத் தசைக்கு ஒரு கணமும் ஓய்வில்லை. நொண்டலும் போகாது. எங்கள் நோயாளிகள் எல்லோரும் கேட்பது ‘எத்தனை டிகிரி மடங்கியிருக்கு?’ என்றுதான். ‘நீளுதா?’ என்று கேட்பவர் அபூர்வம். முதல் மாதத்தில் நான் அதிகம் கவலைப்படுவது நீளாத காலைப் பார்த்துத்தான். வீட்டிலேயே சோதிக்கலாம்: கட்டிலில் காலை நீட்டிப் படுத்து, முழங்காலின் பின்பக்கம் மெத்தையில் படுகிறதா என்று பாருங்கள். அடியில் கை தாராளமாக நுழைந்து போனால் இன்னும் வேலை இருக்கிறது. தலையணையை அங்கிருந்து எடுத்து, ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முழங்கால் அந்தரத்தில் தொங்கி, தன் எடையாலேயே மெல்ல இறங்கும். ஐந்து நிமிடத்தில் ஆரம்பித்துப் பத்து நிமிடம் வரை, ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. பின்தொடை இழுக்கும், அது இழுக்கத்தான் வேண்டும். அப்படியே படுத்தபடி முழங்காலை மெத்தையை நோக்கி அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுவது தொடைத் தசைக்கான முதல் பயிற்சி. பத்து தடவை, இரண்டு மணிக்கொருமுறை.

இந்தத் தொடைத் தசையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஆபரேஷன் முடிந்த முதல் மாதத்தில் அதன் பலம் முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே போய்விடுவது சகஜம். தசை ஒரே மாதத்தில் அவ்வளவு கரைந்துவிடாது. மூட்டுக்குள் நீர் கோத்து வீங்கினால், அங்கிருந்து தண்டுவடத்துக்குப் போகும் நரம்புச் செய்தி தொடைத் தசையைச் சுருங்கவிடாமல் அடக்கி வைக்கிறது. ‘காலைத் தூக்கு’ என்று மனசு சொன்னாலும் கால் கேட்காமல் இருப்பது இதனால்தான். சோம்பேறித்தனம் என்று யாரும் திட்டவேண்டாம். வீக்கத்தை இறக்கினால்தான் தசை விழிக்கும். வெறிகொண்டு பயிற்சி செய்தால் வீக்கம் ஏறி, தசை இன்னும் அடங்கும். எனவே அளவுகோல் இதுதான்: பயிற்சியின்போது வரும் வலி ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறங்கிவிட்டால் சரியான அளவு. மறுநாள் காலை முந்தின நாள் காலையைவிட வீக்கமும் வலியும் கூடியிருந்தால் நேற்றுச் செய்தது அதிகம், அன்றைக்குப் பாதியாகக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம்.

வீக்கத்துக்கு ஐஸ்தான் மருந்து. பிளாஸ்டிக் உறையில் உடைத்த ஐஸைப் போட்டு, ஈரத்துண்டில் சுற்றி, முழங்காலைச் சுற்றிலும் 15 முதல் 20 நிமிடம், ஒரு நாளைக்கு நாலைந்து முறை. படுத்துக்கொண்டு, கால் நெஞ்சைவிட உயரத்தில் இருக்கும்படி கணுக்காலுக்கும் கெண்டைக்காலுக்கும் அடியில் தலையணை கொடுத்து வைத்தால் பலன் கூடும். தழும்புக்கு வெளிப்பக்கம் தோல் மரத்துப்போயிருக்கும், அங்கே ஓடும் சிறு நரம்பு தோலைத் திறக்கும்போதே அறுபடுகிறது. அந்த இடத்தில் குளிர் சுட்டாலும் தெரியாது என்பதால் நடுவில் ஒருமுறை தோலைப் பார்த்துக்கொள்ளுங்கள். சூட்டு ஒத்தடம், தைலம் போட்டு நீவுவது, கட்டுப் போடுகிறவரிடம் கொண்டுபோய் இழுத்துவிடுவது எல்லாம் இப்போது ஆகாது. தையல் பிரித்து, காயம் நன்றாக மூடி, ஆறு வாரம் போன பிறகு தழும்பின்மேல் தேங்காயெண்ணெய் தொட்டு விரலால் தேய்த்துக்கொடுக்கலாம்.

மடக்கும் பயிற்சிக்குச் செலவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, காலடியில் ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டு, மொசைக் தரையில் பாதத்தைப் பின்னால் வழுக்கிக் கொண்டுபோங்கள். போகும்வரை போய், நல்ல காலை முன்னால் குறுக்கே வைத்து இன்னும் கொஞ்சம் தள்ளி, ஐந்து எண்ணிவிட்டு விடுங்கள். பத்து தடவை, மூன்று வேளை. பிறர் பிடித்து அமுக்கி மடக்க வேண்டாம். பயத்தில் தசை எதிர்த்து இறுகுமே தவிர மடங்காது. ஆறாவது வாரத்துக்குள் 90 டிகிரி வந்துவிட வேண்டும். படியேற 85 டிகிரிக்குப் பக்கத்தில் போதும், இறங்க 90-க்கு மேல், தாழ்ந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்க 105 வரை தேவை. மூன்று மாதத்தில் 110 முதல் 120 வரை வந்தால் நல்ல விளைவு. ஆபரேஷனுக்கு முன்பு எண்பதே மடங்கிய காலிடம் நூற்று முப்பதை எதிர்பார்க்கக்கூடாது. பழைய மடக்கம்தான் புதியதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. ‘பக்கத்து வீட்டு அக்கா ஒரே மாசத்துல கோயிலுக்குப் போயிட்டாங்க’ என்று ஒப்பிடுவது இதனால்தான் வீண்.

ஆறு வாரம் கழித்தும் 90 வராவிட்டால் ‘போகப் போகச் சரியாகும்’ என்று இருக்கவேண்டாம். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் அப்போதே போங்கள். மயக்க மருந்து கொடுத்து மூட்டை மடக்கி, உள்ளே தழும்புபோல் இறுகிய ஒட்டுகளைப் பிரிக்கும் சிகிச்சை ஒன்று உண்டு. முதல் மூன்று மாதத்துக்குள் செய்தால் பலன் அதிகம். தள்ளிப்போட்டால் ஒட்டுகள் கெட்டிப்பட்டுவிடும்.

நடையில் இரண்டு திருத்தம். வாக்கரின் பிடி, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரத்தில் இருக்கவேண்டும். கூனிக்கொண்டு நடப்பவர்களின் வாக்கர் பெரும்பாலும் குட்டையாகத்தான் இருக்கிறது. கைத்தடிக்கு மாறும்போது தடியை ஆபரேஷன் செய்யாத பக்கக் கையில் பிடியுங்கள். வலிக்கிற பக்கத்திலேயே பிடிப்பவர்தான் அதிகம், அப்படிப் பிடித்தால் பாரம் முழுதும் அந்தக் காலுக்கே போகும். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். காலையில் ஒரே மூச்சில் முக்கால் மணி நேரம் நடப்பதைவிட, ஒன்றிரண்டு மணிக்கொருமுறை வீட்டுக்குள் ஐந்து நிமிடம் நடப்பது முதல் மாதத்துக்கு நல்லது. தரையில் சம்மணம் போடுவதையும் குந்தி உட்காருவதையும் விடவேண்டும். பழைய கழிப்பறைதான் இருக்கிறது என்றால் அதன்மேல் வைக்கும் கம்மோடு நாற்காலியை ஆபரேஷனுக்கு முன்பே வாங்கி வையுங்கள்.

சாப்பாட்டில் பத்தியம் வேண்டாம். முட்டை, மீன், கத்தரிக்காய் சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்று வெறும் ரசஞ்சோறும் கஞ்சியும் கொடுத்துக் கிடத்துகிறார்கள். காயம் ஆறவும் தசை திரும்பவும் புரதம்தான் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் ஏதாவது ஒன்று மூன்று வேளையும் இருக்கட்டும். சீழ் வைப்பது கிருமியால். அதற்கு இடம் கொடுப்பது கட்டுக்குள் நிற்காத சர்க்கரை. கண்காணிக்க வேண்டியது அதைத்தான்.

எது சாதாரணம் என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். மாலையில் வீங்குவது, தொட்டால் சூடாக இருப்பது, நடக்கும்போது ‘டக் டக்’ என்று சத்தம் வருவது எல்லாம் மாதக்கணக்கில் இருக்கலாம். சூடு ஆறு மாதம் வரைகூட நீடிப்பதுண்டு. சத்தம் உலோகமும் பிளாஸ்டிக்கும் தொட்டுக்கொள்வதால் வருவது. முதல் ஐந்தாறு வாரம் இரவுத் தூக்கம் கெடும். பக்கவாட்டில் படுத்து இரண்டு முழங்காலுக்கும் நடுவே தலையணை வைத்துக்கொள்ளலாம். பெரிய முன்னேற்றம் மூன்று மாதத்துக்குள் வரும், மிச்சம் ஒரு வருடம் வரை மெதுவாக வந்துகொண்டே இருக்கும்.

சாதாரணமல்லாதவை சில. கெண்டைக்கால் கல்லாக இறுகி வலித்து வீங்கினால் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும், இரத்தக்கட்டாக இருக்கலாம். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வந்தால் 108. காயத்திலிருந்து நீர் அல்லது சீழ் கசிந்தால், குளிரோடு காய்ச்சல் வந்தால், குறைந்துகொண்டு வந்த வலி திரும்பி ஏறினால், கீழே விழுந்த பிறகு காலைத் தூக்க முடியாமல் போனால் ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கே நேராகப் போகவேண்டும். பக்கத்துக் கிளினிக்கில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுப் பார்ப்பதுதான் இதில் பெரிய கேடு. கசிவு இரண்டு நாள் நின்று கிருமி உள்ளேயே தங்கும். பிறகு மூட்டு நீரை எடுத்துப் பரிசோதித்தாலும் கிருமி பிடிபடாமல் போகலாம். முன்கூட்டியே பிடித்தால் கழுவிக் காப்பாற்றக்கூடிய மூட்டை, பிந்தினால் கழற்ற நேரிடும்.

எல்லாம் முறையாகச் செய்தும் ஒரு வருடத்துக்குப் பிறகு வலி நீடிப்பவர்கள் இருக்கிறார்கள். பத்தில் ஒருவரிலிருந்து ஐந்தில் ஒருவர் வரை என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ‘எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது, மனசுதான் காரணம்’ என்று இவர்களைத் திருப்பி அனுப்பக்கூடாது. இடுப்பு மூட்டுத் தேய்மானமும் முதுகுத் தண்டு நரம்பு அழுத்தமும் முழங்கால் வலியாகவே காட்டும். ஓசையில்லாத கிருமித் தொற்றும் மூட்டுத் தளர்வும் இருக்கலாம். எரிச்சலும் ஊசி குத்துவதும் நரம்பு வலி. அதற்கு மருந்து வேறு.

2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டின் விலைக்கு உச்சவரம்பு விதித்தது. கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அப்போது ஜிஎஸ்டி நீங்கலாக 54,720 ரூபாய். மூட்டு மலிவானது மிக நல்ல காரியம். அதை ஓடவைக்கும் பயிற்சி இன்னும் கைக்காசிலேயே நிற்கிறது. கிராமத்திலிருந்து வாரம் இரண்டு முறை ஆட்டோ வைத்து வர முடியாதவர் முதல் வாரத்தோடு நின்றுவிடுகிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் போகிறார். மூட்டு மாற்று செய்துகொண்டவரின் பெயரும் ஊரும் டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே அந்த வட்டாரத்துக்குப் போய்ச்சேரும்படி சுகாதாரத் துறை ஏற்பாடு செய்யவேண்டும். தனியார், அரசு மருத்துவமனைகள் இரண்டும் டிஸ்சார்ஜ் தாளோடு தமிழில் ஒரு பக்கம் சேர்த்துக் கொடுக்கட்டும்: மாத்திரை நேரம், ஆபரேஷன் மேஜையில் கிடைத்த மடக்கமும் நீட்டமும், இரண்டு, ஆறு, பன்னிரண்டு வாரத்தில் எட்டவேண்டிய அளவு, எந்த அறிகுறிக்கு எந்த எண்ணில் கூப்பிடுவது. அந்த எண்ணை இரவிலும் எடுக்க ஒருவர் இருக்கவேண்டும். முழங்கால் வலி அதிகமாவது பெரும்பாலும் இரவில்தான்.

இப்படிக்கு,
எலும்பு மூட்டு சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் ஒரு பிசியோதெரபிஸ்ட்,
திருச்சி.