செயலாளரின் ஆண்டறிக்கை, 2023–24: மிச்சிகன் அணியின் பருவம்

தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மிச்சிகன் பல்கலைக்கழக அமெரிக்க ஃபுட்பால் அணி 2023 பருவத்தில் 15 ஆட்டங்கள் ஆடி பதினைந்தையும் வென்றது. 1997-இல் நெப்ராஸ்காவோடு பகிர்ந்துகொண்ட தேசியப் பட்டம் இம்முறை முழுதாக, பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் நகருக்கு வந்திருக்கிறது. அணி எடுத்த புள்ளிகள் 538, விட்டுக்கொடுத்தவை 156. ஆட்டத்துக்குச் சராசரி 10.4 புள்ளிதான் கொடுத்தது. நாட்டிலேயே இதுதான் மிகக் குறைவு. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். இவ்வறிக்கை ஆட்டத்தைப் பற்றியது.

முதல் ஒன்பது ஆட்டங்களில் சொல்ல அதிகமில்லை. எதிலும் வெற்றி வித்தியாசம் 24 புள்ளிக்குக் குறையவில்லை. ஒன்பது எதிரணிகளும் சேர்ந்து எடுத்தது 60. பௌலிங் கிரீனுக்கு எதிராகக் குவார்ட்டர்பேக் (பாஸ் எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஜே.ஜே. மெக்கார்த்தி மூன்று இன்டர்செப்ஷன் கொடுத்தது, அதாவது எறிந்த பந்தை எதிரணி பிடித்தது மட்டும் கவலை தந்தது. பருவம் முழுவதிலும் அவர் கொடுத்ததே நான்குதான் என்பதால் அதுவும் மறந்துபோனது.

பயிற்சியாளர் ஜிம் ஹார்பா ஆறு ஆட்டங்களில் களத்தோரம் நிற்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். முதல் மூன்று ஆட்டங்களுக்குப் பல்கலைக்கழகமே அவரை நிறுத்தி வைத்தது. வழக்கமான பருவத்தின் கடைசி மூன்றுக்கு மிச்சிகன் ஆடும் பிக் டென் கூட்டமைப்பு நவம்பர் 10 அன்று தடை விதித்தது. எதிரணியின் சைகைகளைக் களத்திலிருந்து பார்த்துப் படிப்பது விதிமீறல் அல்ல. அடுத்து மோதப்போகும் அணியின் ஆட்டத்துக்கு முன்கூட்டியே ஆளனுப்பி வேவு பார்ப்பது 1994 முதல் கூடாது. பிக் டென் விதித்த தடை, மிச்சிகன் இப்படி முன்கூட்டியே வேவு பார்த்தது என்ற குற்றச்சாட்டைப் பற்றியது. பட்டத்தைப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசுவது சரியல்ல. அந்தக் கடைசி மூன்று ஆட்டங்களையும் உதவிப் பயிற்சியாளர் ஷெரோன் மூர் நடத்தினார்.

அவற்றில் முதலாவது நவம்பர் 11, பென் ஸ்டேட் களத்தில். புதிதாக ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் பலரும் சலிப்பாக இருந்தது என்று சொன்ன ஆட்டம் அது. இந்தப் பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டமும் அதுதான் என்பது என் உறுதியான கருத்து. மெக்கார்த்தி மொத்தம் எறிந்ததே எட்டு பாஸ், 60 யார்டு. இரண்டாம் பாதியில் கணக்கில் ஏறிய பாஸ் ஒன்றுகூட இல்லை. தொடர்ந்து 32 முறை பந்தைக் கையில் கொண்டே ஓடினார்கள். (நடுவே எறிந்த ஒரு பந்து பெனால்டியால் கணக்கில் சேரவில்லை.) 46 ஓட்டத்தில் 227 யார்டு, முடிவு 24-15.

காரணம் எளிது. பென் ஸ்டேட்டின் பலம் இரு ஓரங்களிலிருந்தும் பாய்ந்து குவார்ட்டர்பேக்கைப் பிடிக்கும் வேகக்காரர்கள். பாஸ் எறிய நின்றால் அவர்கள் நேராக ஓடி வரலாம். ஓட்டம் என்றால் முதலில் நின்று பார்க்க வேண்டும். அந்த அரை நொடியில் வரிசைக்காரர் (முன்வரிசையில் நின்று எதிராளியைத் தள்ளி வழிசெய்பவர்) மார்பில் கைவைத்து விடுவார். கூடுதலாக ஒரு வரிசைக்காரரையும் இறக்கி எடையைக் கூட்டினால், வேகத்துக்கு வேலையே இல்லை.

சங்கத்தின் ஆட்ட விளக்கக் கூட்டங்களில் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, 'கவுண்டர்' என்ற ஓட்ட உத்தி என்றால் என்ன என்பது. ரன்னிங் பேக் (பந்தைக் கையில் கொண்டு ஓடுபவர்) முதல் அடியை ஒரு பக்கம் வைத்துவிட்டு மறுபக்கம் ஓடுவார். ஓடும் பக்கத்து வரிசைக்காரர்கள் உள்நோக்கிச் சாய்த்துத் தள்ளுவார்கள். எதிர்ப்பக்கத்து கார்ட் (வரிசையின் நடுவில் இருப்பவருக்கு அடுத்து நிற்பவர்) தன் இடத்தை விட்டு வரிசைக்குப் பின்னாலேயே ஓடிவந்து, ஓரத்தில் நிற்கும் தடுப்பாளரை வெளியே தள்ளுவார். அவருக்குப் பின்னால் வரும் இரண்டாமவர் திறந்த சந்துக்குள் புகுந்து, எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரை முட்டுவார். கெடுவது எங்கே என்றால், கார்ட் புறப்பட்ட இடத்தில் விழும் ஓட்டையில். பக்கத்தில் வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் அதை அடைக்கத் தவறினால் பந்து கைக்கு வந்த இடத்திலேயே ஓட்டம் முடிந்துவிடும். ஸ்னாப் ஆனதும் (சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்ததும்) பந்தைத் தேடாமல் இரு கார்ட்களையும் பாருங்கள். ஓட்டம் எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் அவர்களே காட்டிவிடுவார்கள்.

அடுத்த வாரம் மேரிலாந்தை 31-24 என்று வென்றபோது மிச்சிகனுக்கு அது ஆயிரமாவது வெற்றி. கல்லூரி ஃபுட்பாலில் வேறெந்த அணியும் அதற்கு முன் அந்த எண்ணைத் தொட்டதில்லை.

நவம்பர் 25, ஒஹாயோ ஸ்டேட். மூன்றாம் கால்பகுதியில் 17-17 என்றிருந்தபோது வலது கார்ட் ஸாக் ஸின்டரின் கால் முறிந்தது. வலது டாக்கிள் (கார்டுக்கு வெளிப்புறம் நிற்பவர்) கார்சன் பார்ன்ஹார்ட் உள்ளே நகர்ந்து கார்ட் ஆனார், ட்ரென்ட் ஜோன்ஸ் டாக்கிளாக இறங்கினார். அடுத்த ஸ்னாப்பிலேயே ரன்னிங் பேக் பிளேக் கோரம் 22 யார்டு ஓடி டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து எடுக்கும் ஆறு புள்ளி) அடித்தார். ஐந்து இடத்துக்கு ஆறு பேரைத் தயாராக வைத்திருந்ததன் பலன் அது. ஆட்டம் 30-24. கடைசியில் ராட் மூர் பந்தைப் பறித்தபோது அரங்கில் எழுந்த சத்தத்தை அங்கிருந்த எவரும் மறக்கமாட்டார்கள்.

இண்டியானாபொலிஸில் நடந்த பிக் டென் பட்ட ஆட்டத்தில் அயோவாவை 26-0 என்று வென்றது.

ஜனவரி 1, ரோஸ் பவுலில் தேசிய அரையிறுதி, எதிரணி அலபாமா. ஏறக்குறைய தோற்ற ஆட்டம். பன்ட்டை (எதிரணி உதைத்தனுப்பும் பந்தை) பிடிப்பதில் இரண்டு தவறு. முதலாவது நேராக அலபாமாவின் டச்டவுனுக்கு வழிவிட்டது. டச்டவுனுக்குப் பின் உதைத்து எடுக்கும் ஓர் எக்ஸ்ட்ரா பாயின்ட் ஸ்னாப்பிலேயே கெட்டது, மூன்று புள்ளிக்கு உதைத்த ஒரு ஃபீல்டு கோல் தவறியது. பன்ட் பிடிப்பவருக்குச் சொல்லித்தரும் பழைய பாடம் இது: நம் பக்கத்து 10 யார்டு கோட்டில் காலை ஊன்றி நில், தலைக்கு மேல் போகிற பந்தை விட்டுவிடு. அது நம் எல்லைக்கோட்டைத் தாண்டி உருண்டால் 20 யார்டிலிருந்து நமக்கே பந்து. கடைசி நிமிடத்தில் அந்தப் பாடத்தை மீறி ஐந்து யார்டுக்குள் கைவைத்ததால் பந்து தவறி, ஒரு யார்டில் மீட்க வேண்டியதாயிற்று. கூடுதல் நேரத்தில் கோரம் இரண்டே ஓட்டத்தில் 25 யார்டையும் கடந்தார். அலபாமா நான்காம் டவுனில் (கடைசி வாய்ப்பில்), எல்லைக்கோட்டுக்கு மூன்று யார்டு தொலைவில் தடுக்கப்பட்டது. 27-20.

ஜனவரி 8, ஹூஸ்டனில் இறுதி ஆட்டம். நாட்டின் சிறந்த தாக்குதல் முன்வரிசைக்கான ஜோ மூர் விருது அந்த ஆண்டு, இறுதியில் எதிரணியான வாஷிங்டனுக்குப் போயிருந்தது. அவர்களுக்கு எதிரே மிச்சிகன் 303 யார்டு ஓடியது, 34-13. கோரம் பருவத்தை 27 ஓட்ட டச்டவுன்களோடு முடித்தார், பல்கலைக்கழகச் சாதனை.

இனி 2024 பருவம். ஹார்பா லாஸ் ஏஞ்சலிஸ் சார்ஜர்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் போய்விட்டார், 2024 ஜனவரியில் ஷெரோன் மூர் தலைமைப் பயிற்சியாளரானார். 13 பேர் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இன் வீரர் தேர்வில் (டிராஃப்ட்) எடுக்கப்பட்டார்கள். மேலே சொன்ன ஆறு வரிசைக்காரர்களில் ஒருவரும் திரும்பி வரவில்லை. ஆகஸ்ட் 31 ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டுடன் முதல் ஆட்டம், செப்டம்பர் 7 டெக்சாஸ். முதல் ஆட்டத்துக்கு முன் நடக்கும் விளக்கக் கூட்டத்தில் புதிய ஐவரை இடவாரியாக அறிமுகம் செய்வோம். நவம்பர் ஆட்டங்களுக்கு வருகிறவர்கள் காலடியில் போட ஓர் அட்டைத்துண்டு கொண்டுவருவது நல்லது. கான்கிரீட் குளிர் கம்பளிக் காலுறையையும் மீறி ஏறும்.

செயலாளர்