குப்பை கொட்டுவதைப் புகார் செய்வது எப்படி? பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

பள்ளிக்கு வரும் வழியில் காலிமனையிலும் மழைநீர் வடிகால் ஓரத்திலும் ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டிவிட்டுப் போகும் குப்பையைத் தாண்டித்தான் நம் பிள்ளைகள் தினமும் நடந்து வருகிறார்கள். அதில் கிடக்கும் இளநீர்க் கூட்டிலும் பழைய டயரிலும் மழைத்தண்ணீர் நின்றால், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாகிப் பறக்க ஏழெட்டு நாள் போதும். ஐப்பசி மழை இறங்குவதற்குள் இந்த இடங்கள் சுத்தமாக வேண்டும்.

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் 1913 எண்ணுக்குப் பேசலாம், அல்லது ‘நம்ம சென்னை’ செயலியில் படத்தோடு பதியலாம். எல்லை தாண்டிக் குடியிருப்பவர்கள் தங்கள் நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் சொல்லுங்கள். முதல்வரின் உதவி மைய எண் 1100 எல்லோருக்கும் பொது.

“ஸ்கூல் பக்கத்துல ஒரே குப்பை” என்று மட்டும் சொன்னால் வண்டி வராது. வந்தாலும் இடம் தெரியாமல் திரும்பிவிடும். வார்டு எண், தெரு, எதிர்வீட்டுக் கதவு எண், பக்கத்துத் தெருவிளக்குக் கம்பத்தில் எழுதியிருக்கும் எண் ஆகியவற்றைச் சொல்லுங்கள். குப்பை சாலையில் கிடக்கிறதா, சுற்றுச்சுவருக்கு உள்ளே கிடக்கிறதா என்பதும் முக்கியம். உள்ளே என்றால் மனைக்காரருக்கு நோட்டீஸ் போக வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் ‘தனியார் இடம்’ என்று புகாரை முடித்துவிடக்கூடும். போனில் லொகேஷனை ஆன் செய்து, கடைப் பலகை தெரியத் தள்ளி நின்று ஒரு படம், கிட்டே ஒரு படம் எடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் இடக்குறிப்பு அழிந்திருக்கும். எடுத்தவரே நேரடியாகப் பதிவது நல்லது.

பலர் தவறுவது குப்பையின் வகையில்தான். செங்கல், சிமென்ட் கட்டி, உடைந்த டைல்ஸ் எல்லாம் கட்டட இடிபாடு. அதை அள்ள ஜேசிபியும் டிப்பரும் வேண்டும். வெறும் ‘குப்பை’ என்று பதிந்தால், தூய்மைப் பணியாளர் மேலே கிடக்கும் பைகளை எடுத்துப் போவார். செங்கல் குவியல் அப்படியே இருக்கும். புகாரோ முடிந்த கணக்கில் சேர்ந்துவிடும்.

ஊசி, சிரிஞ்சு, மருத்துவமனைக் கழிவு போடும் மஞ்சள் பிளாஸ்டிக் பை கண்ணில் பட்டால் மருத்துவக் கழிவு. கிளறாதீர்கள். மாநகராட்சியோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் சொல்லுங்கள். 2024 டிசம்பரில் நெல்லை மாவட்டம் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கொட்டியிருந்த மருத்துவக் கழிவில் கேரள மருத்துவமனைச் சீட்டுகள் கிடந்தன. கழிவு எங்கிருந்து வந்தது என்பதை அவையே காட்டிக்கொடுத்தன. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட, கேரளத்திலிருந்து லாரிகள் வந்து திரும்ப அள்ளிப் போயின. மேலாகத் தெரியும் பில், லேபிள் எதையும் தொடாமல் கிட்டத்தில் படம் எடுத்தால் போதும்.

வண்டியில் வந்து கொட்டுவதைப் பார்த்தால் வண்டி எண், நேரம், போன திசை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மறிக்கவோ பின்தொடரவோ வேண்டாம். படம் எடுக்கப் பிள்ளைகளை அனுப்பவே கூடாது. இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

பதிந்ததும் புகார் எண் வரும். அள்ளாமலே ‘தீர்க்கப்பட்டது’ என்று செய்தி வந்தால், அன்றைக்கே புதுப் படம் எடுத்து, பழைய எண்ணையும் குறிப்பிட்டு மறுபடி பதியுங்கள். அதற்கும் நடக்கவில்லையா, மண்டல அலுவலகத்தில் எழுத்து மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, மனு மீது என்ன நடவடிக்கை என்று கேட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

வீட்டில் மராமத்து வேலை நடக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இடிபாட்டை எங்கே கொட்டப்போகிறார் என்று மேஸ்திரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு பணம் கொடுங்கள். வடிகால் ஓரத்துக் குவியல் பலதும் இப்படி யாரோ ஒருவர் கேட்காமல் விட்டதுதான்.

நீங்கள் பதிந்த புகார் எண், தேதி, இடம் ஆகியவற்றைப் பிள்ளையின் டைரியில் எழுதி அனுப்புங்கள். அலுவலகத்தில் அதற்கென்று பதிவேடு வைத்திருக்கிறோம். ஒரே இடத்துக்கு மூன்று எண்கள் சேர்ந்ததும், அவற்றை இணைத்துப் பள்ளியின் சார்பில் மண்டல அலுவலகத்தில் நானே மனு கொடுக்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்