ஔரங்கசீப்பின் போர்களையும் சமயக் கொள்கையையும் சேர்த்தே எழுதுங்கள்: பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய வரலாற்றுப் பாடநூல் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். ஔரங்கசீப்பின் ஆட்சியைப் பற்றிய பாடங்களில் பேரரசின் விரிவாக்கம் ஒரு தலைப்பிலும் சமயக் கொள்கை வேறொரு தலைப்பிலும் தனித்தனியே நிற்பதால், ஒன்று மற்றொன்றை எப்படி இழுத்துச் சென்றது என்பது மாணவர்களுக்குப் புலப்படாமலே போகிறது. அடுத்த பதிப்பிலாவது இவ்விரண்டையும் சேர்த்து எழுத வேண்டும் என்று, வரலாறு கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன்.

1669இல் காசி விசுவநாதர் கோயில் இடிக்கப்பட்டது. 1675இல் சீக்கியரின் ஒன்பதாம் குருவான குரு தேஜ் பகதூர் டெல்லியில் கொல்லப்பட்டார். முஸ்லிம் அல்லாதார்மீது விதிக்கப்பட்டு 1564இல் அக்பர் நீக்கிய ஜிஸியா வரி 1679இல் மீண்டும் விதிக்கப்பட்டது. அதை ரத்து செய்யக் கோரி டெல்லியில் திரண்ட மக்கள், பேரரசர் கோட்டையிலிருந்து வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குச் செல்லும் வழியை அடைத்து நின்றதையும், யானைகள் அவர்கள்மீது ஏவப்பட்டதையும் முகலாய வரலாற்றாசிரியர் காஃபி கான் எழுதிவைத்திருக்கிறார். இவற்றில் எதையும் மழுப்ப வேண்டாம்.

ஆனால் 1681இல் தக்காணத்துக்குப் புறப்பட்ட பேரரசர் 1686இல் பீஜப்பூரையும் 1687இல் கோல்கொண்டாவையும் வீழ்த்தினார். இரண்டுமே முஸ்லிம் சுல்தான்கள் ஆண்ட நாடுகள். சமயப்பற்று ஒன்றையே காரணமாகச் சொன்னால் இந்தப் படையெடுப்புகள் விளங்கா. பிடித்த நாட்டைக் கட்டிக்காக்க, எதிர்த்து நின்ற மராட்டியத் தலைவர்களுக்கே பதவி கொடுத்து அவர்களைத் தம் பக்கம் இழுக்க வேண்டியதாயிற்று. வரலாற்றாய்வாளர் அதர் அலியின் ஆய்வுப்படி, ஆட்சியின் முற்பாதியில் உயர்நிலை மன்சப்தார்களில் (முகலாய அரசில் படிநிலைப் பதவி பெற்ற அதிகாரிகளில்) ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக இருந்த இந்துக்கள் பிற்பாதியில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கினர். ஜிஸியா விதித்த அதே ஆண்டுகளில்தான் இது நடந்தது. 1704இல், போரால் நொந்துபோயிருந்த தக்காணத்தில் அந்த வரியையே அவர் நிறுத்திவைக்க நேர்ந்தது.

நம் மாணவர்களுக்கு இதை விளக்கச் செஞ்சியைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. மராட்டிய அரசர் சம்பாஜி 1689இல் கொல்லப்பட்ட பின் அவருடைய தம்பி ராஜாராம் செஞ்சிக் கோட்டையில் தஞ்சம் புகுந்தார். சுல்பிகர் கானின் முகலாயப் படை 1690இல் முற்றுகையைத் தொடங்கி 1698இல்தான் அதைக் கைப்பற்றியது. பிறகு அக்கோட்டைக்குக் காவல் தலைவராக ஔரங்கசீப் அமர்த்தியவர் சொரூப் சிங் என்ற பந்தேலா ராஜபுத்திரர். 1714இல் ஆற்காட்டு நவாபின் படையுடன் பொருது மடிந்த தேசிங்குராஜன் இவருடைய மகன். கதைப்பாடல்களில் தேசிங்கைக் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு, அவருடைய தந்தை எவருடைய ஆணையால் செஞ்சிக்கு வந்தார் என்பது தெரிவதில்லை என்பது எனக்குப் பெரும் மனக்குறை.

ஆகவே, புதிய பதிப்பில் செஞ்சி முற்றுகைக்கு ஒரு முழுப் பக்கமும், 1679 முதல் 1707 வரையிலான போர்களையும் சமய ஆணைகளையும் ஒரே வரிசையில் காட்டும் காலவரிசையும் இடம்பெற ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியர் ஒருவர்