மீன் தொட்டிப் படம்: நான்கு மூலை டேப் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு மீன் தொட்டி பற்றிய உங்கள் கட்டுரையில் பில்டர், தீனி, தண்ணீர் மாற்றுவது எல்லாம் விரிவாக இருந்தன. தொட்டியின் பின்கண்ணாடிக்கு வெளியே அழகுக்காகப் படம் ஒட்டுவதைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. பல வீடுகளில் தப்பாகவே ஒட்டப்படுவது அதுதான்.

கடைகளில் போஸ்டர் ரோலிலிருந்து இரண்டடி வெட்டி, நான்கு மூலையிலும் செல்லோ டேப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே காற்று நிற்பதால் கண்ணாடியின் பின்முகம் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கிறது. படம் வெளிறித் தெரிகிறது. தொட்டி விளிம்பிலிருந்து வழியும் தண்ணீரும் அந்த இடுக்கில் இறங்கும். நனைந்த இடம் கறுத்து, நனையாத இடம் வெள்ளிப் பூச்சாக மின்னி, படம் திட்டுத்திட்டாகிவிடும். போர் தண்ணீர் என்றால் காய்ந்தபின் உப்புக் கறை வேறு.

இடுக்கை எண்ணெயால் நிரப்பினால் இரண்டு கோளாறும் தீரும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். அமோனியா கலந்த கிளீனர் மீன்களுக்கு ஆகாது, தொட்டி அருகே தெளிக்கவே வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் அல்லது பேபி ஆயிலை இரண்டடித் தொட்டிக்கு ஒரு டீஸ்பூன் எடுத்து மெல்லிய படலமாகத் தடவுங்கள். டேப் ஒட்டுவதற்காக ஓரத்தில் சுற்றிலும் அரை அங்குலம் எண்ணெய் படாமல் விடவேண்டும். சமையல் எண்ணெய் நாளாவட்டத்தில் சிக்குப் பிடித்து நாறும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைவதால், ஏசி அறையில் படம் முழுக்க வெண்மை படரும்.

போஸ்டரை அரை அங்குலம் கூடுதலாக வெட்டி, மேல் விளிம்பிலிருந்து கீழ்நோக்கிப் பதியவையுங்கள். பழைய ஏடிஎம் கார்டில் துணி சுற்றி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினால் குமிழிகள் வெளியேறும். மிச்சத்தை பிளேடால் நறுக்கி, ஓரத்தில் கசிந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, நான்கு பக்கமும் இடைவெளி விடாமல் டேப் ஒட்டுங்கள். மேல் விளிம்பில் இரண்டு சுற்று ஒட்டினாலும் தகும். தண்ணீர் இறங்குவது அந்த வழியாகத்தான்.

இதையெல்லாம் தண்ணீர் ஊற்றுமுன் செய்வதே நல்லது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டும் 56 கிலோ. அதைச் சுவரிலிருந்து நகர்த்த இழுத்தால் மூலை ஒட்டு விட்டுப்போகும்.

படத்தைத் தேர்ந்தெடுப்பதில் எங்கள் கருத்து: வெறும் கறுப்புத் தாளில் மீனின் நிறம் எடுப்பாகத் தெரிவதுபோல் எந்தப் பவளப்பாறைப் படத்திலும் தெரியாது. கண்ணாடிபோல் பளபளக்கும் தாள் ஃபைட்டர் மீன் தொட்டிக்குக் கூடவே கூடாது. தன் பிம்பத்தைப் போட்டிக்கு வந்த மீன் என்று எண்ணி, ஓயாமல் செவுளை விரித்துக் களைத்துப்போகும்.

தொட்டிக்குள் ஒட்டும், பாறைபோல் செதுக்கிய தெர்மோகோல் சுவரில்தான் அபாயம் அதிகம். இரண்டடிக்கு ஓரடி, ஓர் அங்குலத் தடிமன் என்றால் தண்ணீர் அதைச் சுமார் நாலரை கிலோ விசையோடு மேலே தள்ளும். அங்கங்கே பொட்டு வைத்ததுபோல் சிலிகான் பசை வைத்தால் சில வாரங்களில் பெயர்ந்து மிதக்கும். காலித் தொட்டியில், ஈரமில்லாத கண்ணாடியில், சுற்றிலும் ஒரு கோடும் நடுவில் சில கோடுகளும் இழுத்து ஒட்டவேண்டும். ஓரத்தில் இடுக்கு விட்டால் சிறு மீன் உள்ளே புகுந்து சிக்கிச் செத்து, தண்ணீர் கெடும். சிலிகான் காற்றின் ஈரத்தை வாங்கித்தான் இறுகும். சுவருக்குப் பின்னால் காற்றோட்டம் இல்லாததால் ஒரு வாரமாவது காத்திருங்கள். இறுகும்போது சிலிகானிலிருந்து வரும் வினிகர் வாடை போகாமல் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

குளியலறைக்கு என்று விற்கும் சிலிகானில் பூஞ்சைக்கொல்லி சேர்ந்திருக்கும். அது மீன்களுக்கு நஞ்சு. தெர்மோகோல் சுவர் விற்கும் கடைக்காரர்கள் மீன் தொட்டிக்குரிய சிலிகான் டியூபையும் சேர்த்தே கொடுக்கவேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

வண்ணமீன் வளர்ப்போர் சிலர்,
கொளத்தூர், சென்னை.