பல் எண் கட்டமாகத் தெரிந்தால்: எங்கள் லேபுக்கு ஆர்டர் அனுப்பும் டாக்டர்களுக்கு

வணக்கம் டாக்டர்,

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு இம்மீடியட் டெஞ்சர் (பல்லைப் பிடுங்கிய உடனே மாட்டும் செயற்கைப் பல் செட்) ஆர்டர் வந்தது. உங்களுக்குத் தெரியாததில்லை, நீங்கள் பல்லைப் பிடுங்கும் முன்பே நாங்கள் இங்கே ஸ்டோன் மாடலில் (வாயின் அளவெடுத்து வார்த்த அச்சில்) அதை அறுத்துவிட்டு, அந்த இடத்தில் செயற்கைப் பல்லை வைத்துச் செய்ய வேண்டும். கிளினிக்கிலிருந்து அனுப்பியது ⎿2, அதாவது மேல் இடது இரண்டாவது பல். எங்கள் பழைய போனில் தெரிந்தது □2. மேல்தாடை மாடல், இரண்டாம் பல், அவ்வளவுதானே என்று எங்கள் பையன் வலது பக்கத்துப் பல்லை அறுத்துவிட்டான். ஷேடு, அதாவது பல்லின் நிறம், கேட்கப் போன் செய்தபோது "அந்த இடது பக்கப் பல்" என்று அவர்கள் பேச்சுவாக்கில் சொன்னதால் தப்பித்தோம். மறுபடி அளவு எடுக்க வேண்டியதாயிற்று, செலவு எங்களுடையது. கட்டத்தைப் பார்த்ததும் கேட்டிருக்க வேண்டும், தப்பு எங்கள் மேல்தான்.

சரி, ஏன் கட்டம் வந்தது? கேஸ் ஷீட்டில் நீங்கள் கையால் போடும் அந்த மூலைக்கோடு 1861-ல் வியன்னாவில் ஸிக்மாண்டி கொண்டுவந்த முறை, நம்மிடம் பால்மர் என்றுதான் பெயர். கையால் போட இதைவிடச் சுலபமான முறை கிடையாது. டைப் செய்யப் போனால்தான் தலைவலி. ஜப்பான்காரர்கள் 2000-ல் தங்கள் எழுத்துத் தரத்தில் (ஜேஐஎஸ் எக்ஸ் 0213) இந்தப் பல் குறிகளைச் சேர்த்தார்கள், அங்கிருந்து 2002-ல் யூனிகோடு 3.2-க்கு (எல்லா மொழி எழுத்துக்கும் ஆளுக்கொரு எண் கொடுக்கும் உலகத் தரம்) வந்தன. மொத்தம் 15 குறிகள், யூனிகோடு எண் 9150 முதல் 9164 வரை. நமக்கு வேண்டிய மூலைகள் நாலுதான்: ⏌ மேல் வலது, ⎿ மேல் இடது, ⏋ கீழ் வலது, ⎾ கீழ் இடது. மீதியில் வட்டம், முக்கோணம், அலை போட்டவையெல்லாம் உண்டு, எங்கள் லேபுக்கு அப்படி ஒரு ஆர்டர் இதுவரை வந்ததில்லை.

யூனிகோடில் இருப்பது குறிக்கு ஒரு எண் மட்டும்தான். அதை வரைந்து காட்ட வேண்டியது போனில் இருக்கும் ஃபான்ட். ஃபான்டில் அந்த உருவம் இல்லையென்றால் கட்டம்தான், நாலு மூலைக்கும் ஒரே கட்டம். எண்ணுக்கு முன்னால் கட்டம் இருந்தால் இடது, பின்னால் இருந்தால் வலது என்பது எங்களுக்கு அறுத்த பிறகுதான் உறைத்தது. மேலா கீழா என்பதை அதிலும் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று. சிலர் இந்தக் குறி கீபோர்டில் கிடைக்காமல், அட்டவணைக்குக் கோடு போடும் ┘ குறியை எடுத்துப் போடுகிறார்கள், சிலர் கணக்கில் வரும் ⌋ குறியை. கண்ணுக்கு ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு மூன்றும் வேறு வேறு எழுத்து. அதனால் பழைய ஆர்டரைத் தேட 6⏌ என்று போட்டால் 6┘ என்று வந்தது அகப்படவே மாட்டேன் என்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். டைப் செய்து அனுப்பும்போது எஃப்டிஐ (உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பு) இரண்டிலக்க எண்ணையே போடுங்கள். இரண்டாம் இலக்கம் எத்தனையாவது பல், முதல் இலக்கம் எந்தப் பக்கம்: மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4, பால்பல் என்றால் அதே வரிசையில் 5 முதல் 8. எந்தப் பழைய போனிலும் இது கெடாது. ஆனால் கூடவே "மேல் இடது" என்று இரண்டு வார்த்தையும் வேண்டும், ஏனென்றால் சில மென்பொருள்களில் அமெரிக்க முறையில் 1 முதல் 32 வரை எண் ஓடும். எஃப்டிஐயில் 14 மேல் வலது முதல் முன்கடைவாய்ப்பல், அமெரிக்க முறையில் அதே 14 மேல் இடது முதல் கடைவாய்ப்பல். போனில் சொன்னால் "பதினாறு" வேண்டாம், "ஒன்று ஆறு" என்று சொல்லச் சொல்லுங்கள்.

மூலைக்கோடுதான் கைக்குப் பழக்கம் என்றால் தாராளமாக ஸ்லிப்பில் பேனாவால் போட்டு போட்டோ எடுத்து அனுப்புங்கள், படத்தில் கட்டம் விழாது. டைப் செய்ததில் கட்டம் தெரிந்தால் இனி போன் செய்து கேட்காமல் மாடலில் கை வைக்க மாட்டோம். அப்படிப் போன் வந்தால் ஓபி நேரம் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்.